குறி தப்புவது ஏன்? குழல்வாய்த் துப்பாக்கியும் மனிதக் கண்ணும்

நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் செய்தித்தாளைக் கை எட்டியமட்டும் தள்ளிப் பிடித்துப் படிக்க முயல்வதை நாம் அன்றாடம் காண்கிறோம். அச்சில் பிழையில்லை; விளக்கிலும் குறையில்லை; கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை இறுகிவிட்டது. இக்குறையை நம் முன்னோர் வெள்ளெழுத்து என்று பெயரிட்டு வழங்கினர். இவ்வெள்ளெழுத்து படிப்போரை மட்டும் வருத்துவதன்று. அமெரிக்கக் காடுகளில் பழைய முறைத் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குச் செல்லும் ஐம்பது வயது வேடனையும் அது வருத்துகின்றது. இருபது ஆண்டுகளாகக் குறி தப்பாதவன் இப்பொழுது தப்புகின்றான். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று அவன் எண்ணுகின்றான். உண்மையில் மாறியது அவன் கண்.

அத்தகைய துப்பாக்கியின் இரும்புக் குறிகளைத் திருத்தி மேம்படுத்துவது எங்ஙனம், அதனால் விளையும் பயன் யாது, அதன் எல்லை யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். துப்பாக்கியைப் பற்றித் தமிழாசிரியர்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றம் என்பதையும் யாவரும் அறிவர். ஆயினும் கண்ணின் இயல்பும், வடிவொத்த முக்கோணங்களின் தேற்றமும், உயிரிடத்துக் கொள்ளவேண்டிய பொறுப்பும் ஒருங்கே விளங்கும் இடம் இதைப்போல் மற்றொன்று கிடைப்பது அரிது. ஒரு மான் ஒரே குண்டில் விரைந்து வீழ்வதா, காயத்தோடு புதருக்குள் ஓடி நெடுநேரம் துடித்து மடிவதா என்பதை ஒரு மில்லிமீட்டர் இரும்பு முடிவு செய்கின்றது. அவ்வளவு சிறிய ஒன்றில் அவ்வளவு பெரிய விளைவு அடங்கியிருப்பது எப்படி என்பது ஆராயத்தக்கதே.

குழல்வாய்த் துப்பாக்கி

இக்காலத் துப்பாக்கிகளில் தோட்டாவைப் பின்புறத்தில் இடுவர். இவற்றுக்கு முற்பட்டவற்றில் வெடிமருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, துணித்துண்டில் பொதிந்த ஈயக்குண்டை அதன்மேல் வைத்து, நீண்ட கோலால் அடிவரை தள்ளிக் கெட்டிப்பர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நாட்டுத் துப்பாக்கி என்று வழங்குவதும் இவ்வகையினதே. வாய்வழியே மருந்திடப்படுதலின் இதனைக் குழல்வாய்த் துப்பாக்கி என இக்கட்டுரையில் குறிப்போம். குழலின் உட்புறத்தில் சுருள் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தால் குண்டு சுழன்று நேராகச் செல்லும். அத்தகையதே ரைபிள் எனப்படும்.

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில், சிறப்பாக லங்காஸ்டர் வட்டாரத்தில், செருமானிய, சுவிஸ் வழிவந்த துப்பாக்கிக் கொல்லர்கள் தம் தாயகத்தின் குட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கியை நீட்டி, நாற்பது அங்குலத்திற்கும் மேற்பட்ட குழலுடைய ரைபிளை உருவாக்கினர். அதுவே பிற்காலத்தில் கென்டக்கி ரைபிள் எனப் புகழ்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப் ஹாக்கன், சாமுவேல் ஹாக்கன் என்னும் உடன்பிறந்தார் இருவர், மேற்கு மலைநாடுகளுக்குச் செல்வோருக்கென்று குட்டையானதும் பருத்த குழலுடையதுமான ரைபிள்களைச் செய்தளித்தனர்.

பின்புறத் தோட்டா வந்தபின் இவை மறைந்திருக்க வேண்டும்; ஆனால் மறையவில்லை. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தேசியக் குழல்வாய் ரைபிள் சங்கம் தோன்றியது. 1974இல் பென்சில்வேனியா மாநிலம், சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கிக்கென்றே தனியொரு மான் வேட்டைப் பருவத்தை வகுத்தது. இன்று பல மாநிலங்களில் குழல்வாய்த் துப்பாக்கிக்குத் தனிப் பருவம் உண்டு. அவற்றுட் சில, தொலைநோக்கி பொருத்துவதை அப்பருவத்தில் அனுமதிப்பதில்லை. கொலராடோ மாநிலம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அங்கெல்லாம் கண்ணையும் இரும்புக் குறிகளையும் நம்பியே வேட்டையாட வேண்டும். ஒருமுறை சுட்டபின் மறுமுறை மருந்திட்டுக் கெட்டிக்க அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் மான் நிற்காது. எனவே முதற் குண்டே கடைசிக் குண்டு. குறிகளைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் இந்நிலையிலிருந்தே பிறக்கின்றது.

பின்குறி, முன்குறி, இலக்கு

குழலின்மேல் இரண்டு சிறு முளைகள் உள்ளன. கண்ணுக்கு அருகில் இருப்பதில் ஒரு வெட்டு இருக்கும். அதனைப் பின்குறி என்க. குழலின் வாயருகே மெல்லிய தகடாகவோ குமிழாகவோ நிற்பது முன்குறி. சுடப்படும் பொருள் இலக்கு. பின்குறியின் வெட்டுக்குள் முன்குறி நடுவில் நிற்க, முன்குறியின் உச்சி இலக்கைத் தொட, மூன்றும் ஒரு கோட்டில் அமைந்தால் குறி சரியாயிற்று.

கேட்பதற்கு எளிது. ஆனால் இம்மூன்றும் மூன்று தொலைவுகளில் உள்ளன. பின்குறி கண்ணிலிருந்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டர், முன்குறி 1.1 மீட்டர், இலக்கு 50 மீட்டர் என்று கொள்வோம். மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகக் காணும். இளங்கண் மூன்றுக்கும் இடையே மிக விரைந்து மாறி மாறி நோக்கி, மூன்றையும் ஒருசேரக் காண்பதுபோன்ற மயக்கத்தைத் தரும். முதிர்ந்த கண்ணுக்கு அவ்விரைவும் இல்லை, அவ்வீச்சும் இல்லை.

இதனை அளவால் விளங்கிக்கொள்ளலாம். கண் தன் வில்லையைக் குவிக்கும் திறனை டயாப்டர் என்னும் அலகால் அளப்பர். தூரத்தைத் தெளிவாகக் காணும் கண் அருகிலுள்ள பொருளைக் காண எத்தனை டயாப்டர் குவிய வேண்டும் என்பதை அறிய, 1ஐ மீட்டரிலுள்ள தொலைவால் வகுத்தால் போதும். 40 சென்டிமீட்டரில் உள்ள பின்குறிக்கு 2.5 டயாப்டர், 1.1 மீட்டரில் உள்ள முன்குறிக்கு 0.9 டயாப்டர், 50 மீட்டரில் உள்ள இலக்குக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பத்து வயதுச் சிறுவனுக்குப் பத்து டயாப்டருக்கும் மேலாகத் திறன் இருக்கும். ஐம்பதைக் கடந்த கண்ணில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு டயாப்டர்தான். ஆகவே முதியவருக்கு இலக்கு தெரிகின்றது. முன்குறி முயன்றால் தெரிகின்றது. பின்குறியோ பஞ்சுபோல் மங்கிவிடுகின்றது. அவ்வெட்டின் நடு எது, ஓரம் எது என்று அவரால் துணிய முடிவதில்லை.

பழைய பென்சில்வேனியக் கொல்லர்கள் பின்குறியைக் கண்ணுக்கு மிக அருகில் வைக்காமல் குழலின்மேல் நெடுந்தொலைவு முன்னே தள்ளிப் பதித்திருப்பதைக் காண்கிறோம். கண்ணிலிருந்து தள்ளி வைக்கப்பட்ட வெட்டு கூர்மையாகத் தெரியும். செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கும் நம் பெரியவர்கள் செய்வதும் இதுவே. ஆனால் இதில் ஓர் இழப்பும் உண்டு. அதனை அறிய முக்கோணக் கணக்கினைப் பார்த்தல் வேண்டும்.

முக்கோணம் கூறும் உண்மை

பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையேயுள்ள நீளத்தைக் குறிநீளம் என்போம். அது 700 மில்லிமீட்டர் என்று கொள்க. முன்குறி தன் சரியான இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கும்போது சுட்டுவிட்டால் குண்டு எவ்வளவு விலகும்? குறிகளுக்கிடையே ஒரு சிறு முக்கோணமும், அதே கோணத்தோடு இலக்குவரை ஒரு பெரிய முக்கோணமும் அமைகின்றன. இரண்டும் வடிவொத்தவை. ஆதலின் 700 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் எனில், 50,000 மில்லிமீட்டருக்கு, அதாவது 50 மீட்டருக்கு, ஏறக்குறைய 71 மில்லிமீட்டர். 100 மீட்டரில் அது 143 மில்லிமீட்டர் ஆகும். வெண்வால் மானின் நெஞ்சும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் அகலமே உடையது. நடுவைக் குறிவைத்தவனுக்கு இருபுறமும் 100 மில்லிமீட்டர்தான் இடமுண்டு. ஆகவே 50 மீட்டரில் மன்னிக்கப்படும் ஒரு மில்லிமீட்டர்ப் பிழை 100 மீட்டரில் மன்னிக்கப்படுவதில்லை.

குறிநீளம் கூடினால் பிழை குறையும். அது 900 மில்லிமீட்டர் ஆயின் அதே ஒரு மில்லிமீட்டர் விலகல் 100 மீட்டரில் 111 மில்லிமீட்டராகச் சுருங்கும். பின்குறியை முன்னே தள்ளினால் கண்ணுக்குத் தெளிவு. ஆனால் குறிநீளம் குறைவதால் பிழை பெரிதாகும். பின்னே இழுத்தால் குறிநீளம் கூடும். ஆனால் கண்ணுக்கு மங்கும். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள முரண்பாட்டைத் தீர்ப்பதே குறி மேம்பாட்டின் சாரம் எனலாம்.

முதல் வழி: வெட்டைத் திருத்துதல்

சில துப்பாக்கிகளின் பின்குறியில் இருபுறமும் மான்கொம்புபோல் உயர்ந்து வளைந்த தகடுகள் இருக்கும். அவை பார்வைக்கு அழகியவை. ஆனால் இலக்கின் பெரும்பகுதியை மறைத்துவிடும். அடியில் கூராகக் குறுகும் வெட்டும் முதிர்ந்த கண்ணுக்கு ஏற்றதன்று. அதன் அடிநுனி எங்கே என்பது மங்கலில் தெரிவதில்லை. தட்டையான மேல்விளிம்பும் சதுர வெட்டும் உடைய பின்குறியே தெளிவு தரும். சதுர முன்குறி அவ்வெட்டுக்குள் நிற்கும்போது இருபுறமும் மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும். இரு கீற்றுகளும் சம அகலமா என்று ஒப்பிடுவது கண்ணுக்கு எளிய வேலை. நடுவைத் தேடுவதைவிட இரண்டைச் சமன்செய்வதில் மனிதக் கண் வல்லது. சில வேளைகளில் புதுக் குறி வாங்கவும் வேண்டுவதில்லை. சிறு அரம் ஒன்றும் பொறுமையும் போதும்.

1970இல் தாம்சன் சென்டர் நிறுவனம் வெளியிட்ட ஹாக்கன் வகை ரைபிளில், பழைய ஹாக்கனில் இல்லாத, திருகால் மேலும் கீழும் பக்கத்திலும் நகர்த்தத்தக்க பின்குறி இருந்தது. இத்தகைய பின்குறியைப் பழைய நிலையான குறிக்கு மாற்றாகப் பொருத்துவோரும் உளர்.

இரண்டாம் வழி: துளைக்குறி

பின்குறியில் வெட்டுக்குப் பதிலாக ஒரு துளையை வைத்தால் என்ன ஆகும் என்பதே அடுத்த வினா. இதன் விடையை வகுப்பறையிலேயே காட்டலாம். ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு, அதனைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, அதன்வழியே நல்ல வெளிச்சத்தில் செய்தித்தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியின்றிப் படிக்க இயலாத எழுத்துகளும் தெளிவதைக் காணலாம். கண்ணாடியை மேசையில் மறந்துவிட்டு வகுப்புக்கு வந்த நாளொன்றில் வருகைப் பதிவேட்டை இம்முறையில் படித்துப் பார்த்தவன் இக்கட்டுரையாளன். சிறு துளை, கண்ணுக்குள் செல்லும் ஒளிக்கதிர்களுள் ஓரக் கதிர்களைத் தடுத்து நடுக் கதிர்களை மட்டும் விடுகின்றது. அதனால் மங்கலின் அளவு குறைந்து, அருகிலும் தொலைவிலும் உள்ளவை ஓரளவு ஒருசேரத் தெளிகின்றன.

துளைக்குறிக்கு மற்றுமொரு சிறப்புண்டு. துளையைத் தெளிவாகக் காண வேண்டுவதே இல்லை. மங்கலான வளையத்தின் நடுவில் முன்குறியை நிறுத்துவதைக் கண் தானாகவே செய்துகொள்ளும். ஆகவே மூன்று பொருளை நோக்கும் வேலை இரண்டாகக் குறைகின்றது. துளைக்குறியைக் கண்ணுக்கு அருகே, குழலுக்குப் பின்னுள்ள கழுத்துப் பகுதியில் பொருத்தலாம் என்பதால் குறிநீளமும் கூடுகின்றது. மேலே கூறிய முரண்பாடு இங்கே தீர்ந்துவிடுகின்றது.

ஆனால் துளை சிறுத்தால் ஒளி குறையும். ஒளியின் அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டர் துளையைவிட மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்பது மடங்கு ஒளியை விடும். பகலில் அட்டை இலக்கைச் சுடுவோருக்குச் சிறுதுளை ஏற்றது. மான்களோ பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும் நடமாடுவன. அவ்வேளையில் சிறுதுளையின்வழியே இருளைத்தான் காணலாம். 1879இல் வில்லியம் லைமன் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்ற துளைக்குறியின் பெருமை இதனை உணர்ந்ததிலேயே உள்ளது. துளையை அகலமாகவும் அதன் விளிம்பை மெல்லியதாகவும் அமைத்ததால் அது வேட்டைக்கு ஏற்றதாயிற்று. துளை பெரிதானாலும் கண் நடுவைத் தேடுவதை நிறுத்துவதில்லை.

துளைக்குறி பொருத்துவோர் பலரும் செய்யும் பிழை ஒன்றை ஈண்டுக் கூறவேண்டும். துளை பழைய பார்வைக் கோட்டைவிட உயரத்தில் அமையும். 900 மில்லிமீட்டர் குறிநீளத்தில் அது 5 மில்லிமீட்டர் உயர்ந்திருந்து, முன்குறி பழையதே ஆயின், 50 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் மேலே போய்விடும். எனவே பின்குறியை உயர்த்துபவர் முன்குறியையும் உயரமானதாக மாற்றியாக வேண்டும். இரண்டும் ஒரே கருவியின் இரு பாதிகள்.

மூன்றாம் வழி: முன்குறியை மாற்றுதல்

பழைய முன்குறிகள் பித்தளையாலோ வெள்ளியாலோ ஆனவை. நிழலில் அவை நன்றாகத் தெரியும். ஆனால் வெயில் ஒருபக்கத்தில் அடிக்கும்போது அப்பக்கம் மட்டும் மின்னும். கண் மின்னும் பக்கத்தையே முழுக் குறியாகக் கொள்ளும். குண்டு மறுபக்கம் விலகும். ஒளியிழை முன்குறி அண்மைக் காலத்து வரவு. சிவப்போ பச்சையோ ஆன ஒளிரும் நெகிழியிழை, தன் நீளமெங்கும் விழும் வெளிச்சத்தை உள்வாங்கி நுனியில் புள்ளியாக வெளிவிடும். மின்கலம் வேண்டுவதில்லை. முதிர்ந்த கண்ணுக்கு அது பெரும் உதவி.

எனினும் பெரிய புள்ளி நல்ல புள்ளியன்று. கண்ணிலிருந்து 1.1 மீட்டரில் உள்ள 2.2 மில்லிமீட்டர்க் குமிழ், அதே வடிவொத்த முக்கோணக் கணக்கின்படி, 50 மீட்டரில் 100 மில்லிமீட்டரையும், 100 மீட்டரில் 200 மில்லிமீட்டரையும் மறைக்கும். அதாவது 100 மீட்டரில் மானின் நெஞ்சுப்பகுதி முழுவதையும் குமிழே மூடிவிடுகின்றது. காணாத இடத்தை எவ்வாறு குறிவைப்பது? வேட்டைக்காரன் எந்தத் தொலைவில் சுடுவான் என்பதற்கேற்பவே குமிழின் அகலத்தைத் தெரிய வேண்டும்.

இவ்விடத்தில் மூக்குக்கண்ணாடி பற்றியும் ஒரு சொல். இருபார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதியே அருகில் பார்ப்பதற்கு உரியது. துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்துத் தலையைச் சாய்த்தவன் கண்ணாடியின் மேற்பகுதி வழியாகவே காண்பான். ஆகவே படிக்க உதவும் கண்ணாடி சுட உதவாது. முன்குறியின் தொலைவைக் கூறிக் கண் மருத்துவரிடம் அதற்கேற்ற மெல்லிய வில்லையைப் பெறுவதும் ஒருவகைக் குறி மேம்பாடே. தீப்பொறியும் சிறு துணுக்குகளும் முகத்தருகே தெறிக்கும் இத்துப்பாக்கிக்குக் கண்ணாடி எவ்வாறாயினும் வேண்டும்.

திருத்தும் முறை

வேலை தொடங்குமுன் துப்பாக்கி வெறுமையாக இருக்கின்றதா என்று அறிதல் வேண்டும். குழல்வாய்த் துப்பாக்கியின் பின்புறத்தைத் திறந்து பார்க்க இயலாது. இதற்குப் பழையோர் கண்ட முறை எளியது. வெற்றுக் குழலில் கெட்டிக்கும் கோலை அடிவரை விட்டு, குழல்வாயோடு ஒட்டிய இடத்தில் கோலின்மேல் ஒரு கோடு கீறி வைத்திருப்பர். பின்னொரு நாள் கோலை விடும்போது அக்கோடு குழல்வாய்க்கு மேலே நின்றால் உள்ளே மருந்தும் குண்டும் உள்ளன என்பது பொருள். இச்சோதனையைச் செய்யாமல் அரத்தையோ சுத்தியலையோ எடுத்தல் ஆகாது.

குறிகள் குழலின் குறுக்கே வெட்டிய ஒரு காடியில் இறுகப் பொருந்தியிருக்கும். அக்காடி அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருப்பதால் குறி மேலே கழலாது, பக்கவாட்டில்தான் நகரும். பித்தளைத் தண்டை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் இரும்பு வடுப்படாமல் குறி நகரும். குழலில் புதிதாகத் திருகுத்துளை இடவேண்டி வந்தால் அது தேர்ந்த துப்பாக்கிக் கொல்லனின் வேலை. துளை சற்று ஆழ்ந்தால் குழலின் வலிமை கெடும்.

நகர்த்தும் திசையில் ஒரு விதி உண்டு. குண்டு எத்திசையில் செல்ல வேண்டுமோ அத்திசையில் பின்குறியை நகர்த்துக. அதற்கு எதிர்த்திசையில் முன்குறியை நகர்த்துக. குண்டு தாழ்ந்து விழுந்தால் முன்குறியின் உயரத்தைக் குறைக்க வேண்டும். உயரம் குறைந்த முன்குறியைப் பழையபடி கோட்டில் நிறுத்தச் சுடுபவன் குழல்வாயை உயர்த்துவான், குண்டும் உயரும். இதனாலேயே புதிய முன்குறியை வேண்டுமென்றே உயரமாக வைத்துப் பின்னர் அராவிக் குறைப்பர்.

எவ்வளவு அராவுவது? குறிநீளம் 700 மில்லிமீட்டர், 50 மீட்டரில் குண்டு 100 மில்லிமீட்டர் தாழ்கின்றது என்று கொள்க. 100ஐ 700ஆல் பெருக்கி 50,000ஆல் வகுத்தால் 1.4 மில்லிமீட்டர் கிடைக்கும். ஆனால் 1.4 மில்லிமீட்டரையும் ஒரே தடவையில் அராவுதல் பேதைமை. பாதியை அராவி, சுட்டுப் பார்த்து, மீண்டும் அளந்து, மிச்சத்தை அராவ வேண்டும். அராவிய இரும்பு திரும்ப வளராது.

சோதனைக்குச் சுடும்போதும் ஒழுங்கு வேண்டும். துப்பாக்கியை மணல்மூட்டையின்மேல் தாங்கவைத்து, ஒரே அளவு மருந்து, ஒரே வகைக் குண்டு, ஒரே தடிமனான துணி ஆகியவற்றோடு, முதலில் 25 மீட்டரிலும் பிறகு 50 மீட்டரிலும் சுடுவர். கரிமருந்து குழலில் கசடு விடுமாதலின் ஒவ்வொரு முறையும் உட்புறத்தைத் துடைப்பர். ஒரு குண்டு விழுந்த இடத்தைக் கண்டு குறியைத் தொடலாகாது. மூன்றோ ஐந்தோ குண்டுகளின் நடு எங்கே என்று கண்டபின்பே தொடவேண்டும். குண்டுகள் சிதறி விழுந்தால் பிழை குறியில் இல்லை. மருந்திலோ, துணியிலோ, சுடுபவனிடத்திலோ உள்ளது. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக என்னும் ஆய்வுநெறியை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் பாடம் உண்டோ?

குறியின் எல்லை

குறிகள் திருந்தியபின் வேடனுக்கு ஒரு மயக்கம் வருவதுண்டு. இதுவரை 50 மீட்டரில் சுட்டவன், இப்பொழுது 120 மீட்டரில் நிற்கும் மானும் தெளிவாகத் தெரிகின்றதே என்று எண்ணுவான். ஆனால் தெளிந்தது பார்வை; குண்டின் வலிமை கூடவில்லை. அரை அங்குலக் குழலுக்குரிய உருண்டைக் குண்டு ஏறக்குறைய 11 கிராம் எடையுள்ளது. வினாடிக்கு 1,800 அடி வேகத்தில் அது புறப்பட்டாலும், உருண்டையாதலின் காற்று அதனை விரைந்து தடுக்கும். 100 கெஜத்தைக் கடக்கும்போது தொடக்க ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே எஞ்சும். 50 கெஜத்திற்குக் குறி அமைத்த துப்பாக்கி 100 கெஜத்தில் சில அங்குலம் தாழ்த்தியே சுடும். வலிமை குன்றிய குண்டு மானை வீழ்த்தாது, காயப்படுத்தும். நல்ல குறி தொலைவைக் கூட்டுவதற்கு உரியதன்று. உரிய தொலைவுக்குள் தவறாமைக்கு உரியது.

இதனோடு ஒத்த ஒரு வரலாற்று நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகின்றது. 1874ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், நியூயார்க்கைச் சார்ந்த லாங் ஐலந்தின் கிரீட்மூர் திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கெஜத் தொலைவுகளில் போட்டியிட்டன. அயர்லாந்தினர் குழல்வாய் ரைபிள்களைக் கொண்டு சுட்டனர். அமெரிக்கர் பின்புறத் தோட்டா ரைபிள்களைக் கொண்டு சுட்டனர். நுண்ணளவுத் துளைக்குறிகள் உச்சநிலையில் இருந்த காலம் அது. அயர்லாந்தின் மில்னர் என்பார் சுட்ட ஒரு குண்டு வட்டத்தின் நடுவிலேயே பாய்ந்தது. ஆனால் அஃது அவருக்குரிய இலக்கன்று, பக்கத்து இலக்கு. நான்கு புள்ளி பெறவேண்டிய குண்டு ஒன்றும் பெறவில்லை. முடிவில் அமெரிக்கர் 934, அயர்லாந்தினர் 931. அந்த நான்கு புள்ளியும் கிடைத்திருந்தால் குழல்வாய்த் துப்பாக்கியே வென்றிருக்கும். குறியில் குறையில்லை, கையில் நடுக்கமில்லை, எதைச் சுடுகிறோம் என்பதில்தான் தவறு நேர்ந்தது. எவ்வளவு நுண்ணிய குறியும் இலக்கைத் தெரிந்து தராது. அது சுடுபவன் கடமை.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற் பாடம். வடிவொத்த முக்கோணத் தேற்றத்தை ஒப்புவிக்கும் மாணவர் பலர். அதனைக் கண்ணால் கண்டவர் சிலரே. துப்பாக்கி எதுவும் இன்றி அதனைக் காட்டலாம். மீட்டர் அளவுகோலின்மேல் 70 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு குண்டூசிகளை நிறுத்தி, அளவுகோலை மேசையின்மேல் அசையாமல் வையுங்கள். 50 மீட்டருக்கு அப்பால், பள்ளித் திடலின் மறுகோடியில், ஒரு மாணவன் கம்பு பிடித்து நிற்கட்டும். இரு ஊசிகளும் கம்பும் ஒரு கோட்டில் வருமாறு கம்பை நகர்த்தச் சொல்லி, அவ்விடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன் ஊசியை ஒரு மில்லிமீட்டர் பக்கத்தில் நகர்த்தி மீண்டும் பாருங்கள். கம்பு ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் நகர வேண்டியிருக்கும். மாணவர் தாமே அளந்து கண்ட அவ்வேழு சென்டிமீட்டரை மறக்கமாட்டார்.

அப்பொழுது இன்னொன்றையும் கேளுங்கள்: ஊசி, ஊசி, கம்பு ஆகிய மூன்றனுள் எது தெளிவாகத் தெரிந்தது, எது மங்கியது என்று. பத்து வயது மாணவன் மூன்றும் தெரிந்தன என்பான். ஆசிரியர் உண்மையைச் சொல்வாராயின், அருகில் உள்ள ஊசி தெரியவில்லை என்பார். அந்த வேறுபாட்டிலிருந்தே கண்ணைப் பற்றிய அடுத்த பாடத்தைத் தொடங்கலாம்.